முகூர்த்தக் காலையில் ஐந்து முகம்: மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கவனிக்க வேண்டியவை

காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே மேக்கப் தொடங்கிவிடும். மணப்பெண்ணுக்கு முடித்ததும் அம்மா, அக்கா, நாத்தனார், சித்தி என்று வரிசை நீளும். அப்போது பிரஷ் கழுவ நேரம் இருக்காது, காஜல் கைமாறும், தொற்றுக்கு வழி திறக்கும். அதனால் சுத்தம் செய்யும் வேலையை முந்தின நாளே முடித்துவிட வேண்டும். எத்தனை முகம் என்று முன்கூட்டியே கேட்டு, அத்தனை செட் பிரஷ்களைத் தனித்தனியாகச் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்தியவை வேறு பைக்குள் போகட்டும்.

பிரஷ் கழுவக் குழந்தைகளுக்கான ஷாம்பூவும் வெதுவெதுப்பான நீரும் போதும். முடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக் கழுவுங்கள். உலோக வளையத்துக்குள் நீர் ஏறினால் பசை இளகி முடி கொட்டும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கழுவியபின் மேசை விளிம்பில், முடி வெளியே நீட்டியிருக்க, இரவு முழுக்கப் படுக்கவைத்து உலர்த்துங்கள்.

அதன் பிறகுதான் கிருமி கொல்லும் ஸ்பிரிட், அதாவது 70% ஐசோபுரோபைல் ஆல்கஹால். பவுண்டேஷன் எண்ணெய் ஒட்டிய பிரஷில் நேராக அடித்தால் அது கிருமியைச் சென்று சேராது. 99% பாட்டில்தான் கையில் இருக்கிறது என்றால், அதில் 710 மி.லி.யுடன் 290 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேருங்கள். நீர் கலக்காதது இன்னும் வலுவாக வேலை செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது சட்டென ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைக் குலைக்க நீரும் தேவை. ஸ்பாட்டுலா, ட்வீசர், ஸ்டீல் தட்டு எல்லாம் குறைந்தது 30 விநாடி ஈரமாகவே இருக்கட்டும். உடனே துடைத்துவிட்டால் பயனில்லை.

ஆனால் மெட்ராஸ் ஐ விஷயத்தில் இந்த ஸ்பிரிட்டை நம்பக் கூடாது. அதை உண்டாக்கும் அடினோவைரஸை ஐசோபுரோபைல் உறுதியாகக் கொல்லாது. கண் சிவந்து, பீளை தள்ளி வருபவர் யாராக இருந்தாலும் கண் மேக்கப் கிடையாது என்று தயங்காமல் சொல்லுங்கள். உதட்டோரம் கொப்புளம் இருந்தால் அன்றே தூக்கி எறியும் பிரஷ் மட்டும்தான்.

லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்காதீர்கள். ஸ்பாட்டுலாவால் சுரண்டி ஸ்டீல் தட்டில் எடுங்கள். மஸ்காராவுக்கு ஒருமுறைக் குச்சி. கண்ணில் பட்ட குச்சி மறுபடி பாட்டிலுக்குள் போகக் கூடாது, இன்னொரு கண்ணுக்குப் புதுக் குச்சி. பென்சிலை ஒவ்வொருவருக்கும் சீவி, ஸ்பிரிட் தொட்டு, உலரவிட்டுப் பயன்படுத்தலாம். திருகும் காஜலைச் சீவ முடியாது, அதை மணப்பெண்ணுக்கே கொடுத்துவிடுவது நல்லது. பிரஷில் ஒட்டிய பவுடரை வாயால் ஊதும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

ஒவ்வாமை உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்தும் கிளம்பும். ஆகவே ட்ரையல் நாளிலேயே ஐலாஷ் பசையை முழங்கை உட்புறம் சிறு பொட்டாக வைத்து 48 மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒத்துக்கொள்ளாதவருக்கு லேடெக்ஸ் இல்லாத பசை வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்; சாப்பிட்டால் வாக்ஸிங் வேண்டாம், தோல் உரிந்து வந்துவிடும். ஸ்டிக்கர் பொட்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள வேதிப்பொருள் நெற்றியில் நிறமற்ற வெள்ளைத் திட்டை உண்டாக்கும். அங்கே ஏற்கெனவே அரிப்போ வெளிறலோ இருந்தால் பொட்டை வரைந்துவிடுங்கள்.

தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத சிவப்பழகு க்ரீமைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மணமகள் அறையில் குத்துவிளக்கும் ஊதுவத்தியும் எரியும். 200 டிகிரி வரை சூடேறும் கர்லிங் அயர்னும் பக்கத்திலேயே இருக்கும். ஸ்பிரிட், ஹேர் ஸ்ப்ரே இரண்டும் தீப்பற்றுபவை. விளக்கை அணைத்தபின், ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள். நாற்காலி உயரமாக இருக்கட்டும். அதில் உட்காருபவர் முகம் உங்கள் நெஞ்சு மட்டத்துக்கு வந்தால் நாள் முழுக்கக் குனிய வேண்டியிருக்காது.

ஐலாஷ் பசை கண்ணுக்குள் போய்விட்டால் இமையைப் பிடித்து இழுக்காதீர்கள், தேய்க்கவும் விடாதீர்கள். லென்ஸ் எளிதாக வந்தால் கழற்றச் சொல்லி, சுத்தமான நீரை 15 நிமிடம் கண்ணில் விட்டுக்கொண்டே இருங்கள். முகூர்த்தம் நெருங்கினாலும் கண் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.