தென்னஞ்சாராயத்தைச் சுவைக்கப் பழகுவது: முதல் முகர்விலிருந்து முதல் காக்டெயில் வரை

தமிழ்நாட்டில் ‘சாராயம்’ என்றால் முகம் சுளிப்பார்கள். இலங்கையில் அதே சொல், தென்னங்கள்ளை வடித்து, மரத்தொட்டியில் ஊறவைத்து, முத்திரையிட்டுக் கடையில் விற்கும் மதுவைக் குறிக்கிறது. நல்ல விஸ்கிக்கும் ரம்முக்கும் கொடுக்கும் கவனம் இதற்கும் தகும். ஆனால் பெரும்பாலும் கோலாவை நிரப்பி ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார்கள். கோலாவின் இனிப்பில் முதலில் தொலைவது கள்ளிலிருந்து வந்த பூமணம். அதைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சி. (இலங்கையில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.)

எந்தப் போத்தல்?

விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவினால் இனிப்பான பதநீர் சொட்டும். களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்துபோய் இறக்குவார்கள். முட்டியில் சேரும்போதே இயற்கையான ஈஸ்ட் அதைப் புளிக்கவைக்கத் தொடங்கிவிடும். அப்படியே விட்டால் வினாகிரியாகும் என்பதால் தாமதிக்காமல் வடிசாலைக்குப் போகிறது. வடித்ததை சாவண்டலை மரத் தொட்டிகளில் ஊறவைப்பார்கள். சிங்களத்தில் ஹல்மில்லா என்பது இந்த மரம்தான்.

கடையில் லேபிளை நிதானமாகப் படியுங்கள். மலிவான வகைகளில் தென்னைச் சாராயத்தோடு கரும்புப் பாகிலிருந்து வடித்த, மணமில்லாத மதுசாரத்தைக் கலந்திருப்பார்கள். பழகுவதற்கு, தென்னங்கள்ளிலிருந்து மட்டுமே வடித்தது என்று லேபிளில் தெளிவாகப் போட்டதை வாங்குங்கள். மதுசார அளவு பெரும்பாலும் 33.5 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கும்.

வெளிநாட்டில் வாங்குபவர்களுக்குப் பெயர்க் குழப்பம் உண்டு. லெபனான் பக்கத்து ‘அரக்’ சோம்பு மணமுள்ளது, தண்ணீர் பட்டால் பால்போல் வெளுக்கும். ஜாவாவின் ‘படாவியா அரக்’ கரும்புப் பாகையும் சிவப்பரிசியையும் கொண்டு செய்வது. இரண்டும் வேறு பானங்கள். யாழ்ப்பாணத்துப் பனஞ்சாராயம் நம் தென்னஞ்சாராயத்துக்கு நெருங்கிய உறவு என்றாலும் மணம் வேறு. திருட்டுத்தனமாகக் காய்ச்சிய எதையும் ‘சுவைத்துப் பார்க்க’ என்றுகூடத் தொடாதீர்கள். அதில் மெத்தனால் இருந்தால் மணத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்க முடியாது.

படி 1: கிளாஸும் நேரமும்

வாய் குறுகிய, வயிறு அகன்ற சிறிய வைன் கிளாஸ் போதும். நேராக நிற்கும் டம்ளரில் மணம் தங்காமல் கலைந்துவிடும். 20 மில்லி ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், குளிரில் மணம் எழாது. சமையல் வாசனை, ஊதுபத்தி, கையில் பூசிய கிரீம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு நாக்கு கூர்மையாக இருக்கும். ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம், இரண்டு உப்பில்லாத பிஸ்கட் தின்றுவிட்டு உட்காருங்கள்.

படி 2: முகர்வது

புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது இங்கேதான். வைன் முகர்வதுபோல் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தால் மதுசார ஆவி மூக்கைச் சுட்டு மரத்துப்போகச் செய்யும். அதன் பிறகு சில நிமிடம் எதுவும் தெரியாது.

கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி சின்னச் சின்னதாக முகருங்கள். பிறகு மெல்ல மூக்குக்கு அருகில் கொண்டுவாருங்கள். தேன், பழுத்த வாழைப்பழம், வெல்லப்பாகு, நனைந்த மரப்பலகை என உங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரையே எழுதுங்கள். மெல்லிய புளிப்பு வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது கள்ளின் முத்திரை. வார்னிஷ் நெடி மட்டுமே வந்தால் பத்து நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் முகருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் அந்தப் போத்தலைக் காக்டெயிலுக்கு ஒதுக்குங்கள்.

படி 3: வாயில்

அரைத் தேக்கரண்டி அளவு உறிஞ்சி ஐந்து விநாடி நாக்கு முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். முதல் வாயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் எரிவுதான் தெரியும், சுவை தெரிவது இரண்டாவதில். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியே மூச்சு விடுங்கள். நல்ல சாராயத்தின் வாசனை அப்போதுதான் தொண்டையிலிருந்து திரும்பி வரும்.

படி 4: தண்ணீர்

இதைத் தவறவிட்டவர் பாதிச் சாராயத்தைத்தான் சுவைத்திருக்கிறார். அறை வெப்பத் தண்ணீரை ஒரு தேக்கரண்டியில் எடுத்து, 2 மில்லி சேர்த்து முகருங்கள். இன்னும் 2 மில்லி, மீண்டும் முகருங்கள். 40 சதவீதப் போத்தலில் 20 மில்லிக்கு 7 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கும். 33.5 சதவீதமானால் 2 மில்லியைச் சற்றே தாண்டினாலே அந்த அளவு வந்துவிடும். எரிவு அடங்கிப் பழமும் பூவும் மேலே வரும் ஓர் இடம் உண்டு. அதைத் தாண்டினால் சப்பென்று போகும். அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், போத்தலுக்குப் போத்தல் அது மாறும். குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஒரே நேரத்தில் மூன்று வகைக்கு மேல் ஒப்பிட வேண்டாம். 40 சதவீதத்தில் மூன்று 20 மில்லி என்றாலே சுமார் 19 கிராம் மதுசாரம். பாதியைத் துப்பிவிடுவது வெட்கப்பட வேண்டிய செயலல்ல, தொழில்முறைச் சுவைஞர்களும் பெரும்பாலும் துப்பத்தான் செய்கிறார்கள். வாகனச் சாவியை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

படி 5: கித்துள் சாராயச் சவர்

சவர் என்பது புளிப்பும் இனிப்பும் சேர்ந்த காக்டெயில். தென்னஞ்சாராயம் 60 மில்லி, அப்போதே பிழிந்த தேசிக்காய் (எலுமிச்சை) சாறு 25 மில்லி, கீழே சொன்னபடி நீர்த்த கித்துள் பாகு 20 மில்லி, கசப்புக்கு அங்கஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. கித்துள் பாணியை (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய கெட்டிப் பாகு) நேராக ஊற்றினால் குளிரில் இறுகி ஷேக்கரின் அடியில் ஒட்டிக்கொள்ளும், பானம் புளிப்பாகவே நிற்கும். அதனால் இரண்டு பங்கு பாணிக்கு ஒரு பங்கு வெந்நீர் கலந்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். கித்துள் கிடைக்காவிட்டால் 100 கிராம் பனைவெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள்.

ஷேக்கரில் பெரிய ஐஸ் கட்டிகளை முக்கால் அளவு நிரப்பி, 12 விநாடி வேகமாகக் குலுக்கி, குளிரவைத்த கிளாஸில் வடியுங்கள்.

நீர்த்துப்போனால் ஐஸ் ஏற்கெனவே உருகி ஈரமாக இருந்திருக்கும். கசந்தால் காயைத் தோல் நசுங்கப் பிழிந்திருப்பீர்கள். காரமாகச் சுட்டால் குலுக்கியது போதவில்லை, ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் இந்தக் கலவையில் ஒரு பொருள்தான்.

குலுக்க நேரமில்லாதவர்கள் உயரமான கிளாஸை ஐஸால் நிரப்பி, 45 மில்லி சாராயம், நன்றாகக் குளிர்ந்த ஜிஞ்சர் பீர் 130 மில்லி, ஒரு துண்டு தேசிக்காய் சேர்த்து ஒரே ஒரு முறை கிளறலாம். ஜிஞ்சர் பீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஐஸில் பட்டதும் வாயு முழுக்கப் பொங்கி வெளியேறிவிடும்.

படி 6: எதனோடு சாப்பிடுவது

மிளகாயின் எரிவை உணரும் அதே ஏற்பியை மதுசாரமும் தூண்டும். ஆகவே டெவில் இறாலோடு (காரமாக வதக்கிய இறால்) வெறும் சாராயம் குடித்தால் இரண்டு எரிவும் சேர்ந்து நாக்கைச் சாய்த்துவிடும். காரமான ‘பைட்ஸ்’ (மதுவோடு கொறிக்கும் பண்டங்கள்) எல்லாவற்றுக்கும் இனிப்பும் குளிர்ச்சியும் உள்ள ஜிஞ்சர் பீர் கலவைதான் ஏற்றது. நெத்தலிப் பொரியல், வெண்ணெயில் பொரித்த கணவாய் போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்கு மேலே சொன்ன சவர். அதன் புளிப்பு ஒவ்வொரு வாய்க்கும் எண்ணெயைக் கழுவிவிடும். புளி தூக்கலான மீன்குழம்போடு மட்டும் சவர் சரிவராது. உணவு பானத்தைவிடப் புளிப்பாக இருந்தால் பானம் வெறும் இனிப்புத் தண்ணீராகத் தெரியும்.

தண்ணீர் சேர்த்த தூய சாராயத்துக்கு வறுத்த முந்திரியும், கட்டித் தொதல் என்ற அல்வா போன்ற இனிப்பும் பொருந்தும். எல்லாவற்றையும்விடச் சிறந்தது வட்டிலப்பம் என்ற, ஆவியில் வேகவைத்த முட்டை இனிப்பு. அதிலுள்ள தேங்காய்ப்பாலின் கொழுப்பு எரிவை மூடும், ஏலமும் கருப்பட்டியும் சாராயத்தின் தேன் மணத்தோடு சேர்ந்து ஒலிக்கும். வட்டிலப்பத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அரைமணி நேரம் முன்பே எடுத்து வையுங்கள். ஒரு கரண்டி இனிப்பு, பிறகு ஒரு சிறு உறிஞ்சு என்று போங்கள். முதலில் சாராயத்தைக் குடித்தால் ஏலக்காய் தெரியாமல் போய்விடும்.