புதிய இம்பெல்லர் கருகாமல் இருக்கச் சிறிது சோப்பு

படகின் பின்புறம் பொருத்தும் பழைய அவுட்போர்டு மோட்டாரில், அதைக் குளிர்விக்க நீரேற்றும் வாட்டர் பம்பின் இம்பெல்லரை (இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரத்தை) மாற்றும்போது, புதிய ரப்பர் இதழ்களிலும் பம்புக் கூட்டின் உட்சுவரிலும் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைத் தடவி, கூட்டை மெதுவாக அழுத்திக்கொண்டே இம்பெல்லரைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டை அது ஓடும் திசையில், அதாவது பெரும்பாலான மோட்டார்களில் மேலிருந்து பார்க்க வலப்புறமாக, திருப்புங்கள். கூடு இம்பெல்லரைவிடக் குறுகியது என்பதால் இதழ்கள் மடங்கித்தான் உள்ளே செல்லும். இப்படித் திருப்பினால் அவை அனைத்தும் சரியான பக்கமே சாயும். மோட்டார் கிளம்பி நீர் ஏறும் வரையிலான சில நொடிகளில் உலர்ந்த ரப்பர் உரசிக் கருகாமல் காக்கும் சோப்பு, பிறகு நீரோடு கரைந்து போய்விடும். கிரீஸ் அப்படிக் கரையாது, சில வகை ரப்பரை உப்பவும் வைக்கும்.

தமிழக-ஆந்திர எல்லையில் பரந்துள்ள பழவேற்காடு ஏரியைப் போல ஆழம் குறைந்து மணலும் சேறும் கலங்கும் நீரில் ஓடும் படகுகளுக்கு இம்பெல்லரை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் போதாது. கூட்டின் உட்சுவரிலோ அடித்தகட்டிலோ நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், அவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால், அந்தத் துண்டு மேலே செல்லும் நீர்க்குழாயை அடைத்திருக்கக்கூடும் என்பதால், அதைத் தேடி எடுக்காமல் மோட்டாரின் கீழ்ப்பகுதியை மீண்டும் பூட்டாதீர்கள்.