'அது என் ஸ்டைல் சார்': ஓவிய வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் வரைந்த எல்லாவற்றுக்கும் கறுப்பில் கனமான கோடு போட்டுக்கொண்டிருந்தேன். குடம், வாழைப்பழம், மாடலாக உட்கார வந்த பெரியவரின் காது, எதுவும் தப்பவில்லை. சீனியர் ஒருவரின் படங்களில் அந்தக் கோடு இருந்தது. வகுப்பே அவரைக் கொண்டாடியது. ஒருநாள் ஆசிரியர் என் போர்டு முன்னால் வந்து நின்றார். மேசையில் பித்தளைச் சொம்பு, பின்னால் நீலத் துணி.

"ஏம்ப்பா, சொம்போட இந்தப் பக்கம் துணி நிழலுக்குள்ள போயிடுதே, விளிம்பு தெரியுதா உனக்கு?"

"தெரியல சார்."

"அப்புறம் எதைப் பார்த்துக் கோடு போட்டே?"

"அது என் ஸ்டைல் சார்."

அவர் சிரிக்கவில்லை. என் ஸ்கெட்ச் புக்கை எடுத்துப் புரட்டினார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், டீக்கடை பெஞ்ச், தூங்கும் நாய் என்று தாளின் ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியவை. ஒன்றில்கூட அந்தக் கனத்த கோடு இல்லை. "இதுக்குள்ள இருக்கிறவன் யாரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது மாணவர்களின் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் இடத்தில் உட்காரும்போது, அதே கறுப்புக்கோடு வேறு வேறு வேஷத்தில் வருகிறது. ஒருவருக்கு அது பெயின்ட்டை அப்பும் கத்தியான பேலட் நைஃப், இன்னொருவருக்கு வேண்டுமென்றே வழியவிட்ட பெயின்ட். இன்னும் ஒருவர் எந்த முகத்துக்கும் கண் வைப்பதில்லை. எல்லாமே முதல் வருடம் முடியுமுன் முடிவானவை. ஸ்டைல் என்பது கடையில் பார்த்து எடுக்கிற சட்டை என்ற நினைப்புதான் இதற்கு வேர். நம் கையெழுத்தை அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லையே. இரட்டைக்கோடு நோட்டில் எல்லாரும் ஒரே 'அ'வைத்தான் எழுதினோம். பத்தாம் வகுப்புக்குள் விடைத்தாளைத் தூரத்தில் பார்த்தே யாருடையது என்று டீச்சர் சொல்லிவிடுவார். நடுவில் என்ன நடந்தது என்று நமக்கே தெரியாது, நிறைய எழுதினோம் என்பதைத் தவிர.

வராததை மறைக்கும் ஸ்டைல்

மாணவர் படங்களில் நான் முதலில் தேடுவது விரல்களை. மூன்று ஆள் உள்ள ஒரு காம்போசிஷன். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார், அடுத்தவர் கை துண்டுக்குள், மூன்றாமவர் மணிக்கட்டோடு கான்வாஸ் முடிந்துவிடுகிறது. ஒரு படத்தில் இப்படி இருந்தால் பரவாயில்லை. பதினைந்து படத்திலும் ஒரு விரல்கூடத் தென்படவில்லை என்றால் விரல் வரவில்லை என்று பொருள். கேட்டால், "எனக்கு முகம்தான் சார் முக்கியம்" என்பார்கள்.

உருவத்தைத் திரிப்பது தவறே இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முன்னால் நின்று பாருங்கள். தோளும் கையும் நம் உடம்பில் இருப்பதுபோல் இல்லை. எலும்பும் தசையும் துருத்தாமல் வழிந்து இறங்கும். தாலக் கணக்கை, அதாவது சிலையின் உறுப்பளவு விதிகளை, விரல்நுனியில் வைத்திருந்த ஸ்தபதி தெரிந்தே செய்தது அது. (இந்த இடத்தில் பிக்காசோவை இழுக்காத ஓவிய ஆசிரியர் கிடையாது. நான் விட்டுவிடுகிறேன்.) உங்கள் திரிப்பு தெரிந்து செய்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: திரித்து வரைந்த கைக்குப் பக்கத்திலேயே, அதே கையை உள்ளபடி பத்து நிமிடத்தில் வரையுங்கள். முடிந்தால் உங்கள் திரிப்புக்கு நான் எதிரியில்லை. முடியாவிட்டால் ஒரு மாதம் தினமும் உங்கள் இடது கையை வரையுங்கள். இடது கைக்காரர்கள் வலது கையை. மாடலுக்குக் காசு தர வேண்டாம், அசையாதே என்று கெஞ்சவும் வேண்டாம்.

சீனியர் கை, சார் கை, இன்ஸ்டாகிராம் கை

அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைவது பாவம் என்று ஒரு கூட்டம் சொல்லும். அதை நம்ப வேண்டாம். வான்கோ 1887இல் பாரிஸில் ஹிரோஷிகேயின் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் பிரதியெடுத்தார். அதற்குப் பிறகும், 1889-90இல் பிரான்ஸின் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மிய்யேவின் உழவர் படங்களை உட்கார்ந்து பிரதியெடுத்தார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். ஆகவே நிறம் முழுவதும் அவரே போட வேண்டியதாயிற்று. மஞ்சளும் நீலமும் அவருடையவையாகவே வந்து விழுந்தன.

நம் வகுப்புகளில் நடப்பது வேறு. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லாமல், மேல்தோலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நான் சீனியரிடமிருந்து எடுத்தது கோட்டின் கனத்தை; எந்த இடத்தில் அவர் கோட்டை விட்டுவிடுகிறார் என்பதைப் பார்க்கவே இல்லை. அவர் படங்களில் வெளிச்சம் படும் பக்கம் கோடு அறுந்துபோகும். அது தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஒருவரைப் பிடித்திருந்தால் அவருடைய ஒரே படத்தை எடுத்து, ஒளிக்காமல், முடிந்தவரை அப்படியே வரையுங்கள். பின்பக்கம் அவர் பெயரை எழுதி வையுங்கள். எந்த இடத்தில் கை மக்கர் செய்தது, எந்த இடத்தில் 'நானாக இருந்தால் இப்படிப் போட மாட்டேன்' என்று தோன்றியது என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முற்றிலும் வேறு ஒருவர். ஐந்தாறு பேரை இப்படிக் கடந்தபின் அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்தப் புகார் உங்களுடையது.

ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொள்வதில் மதிப்பெண் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. 'சாருக்கு டெக்ஸ்சர் பிடிக்கும்' என்று கேள்விப்பட்டதும் வகுப்பில் பாதிப் பேர் கான்வாஸில் மணலை அப்புவார்கள். இதற்கு என் யோசனை சாதாரணமானது. கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்யுங்கள். லைஃப் ஸ்டடி (மாடலைப் பார்த்து உள்ளபடி வரைவது) கேட்டால் லைஃப் ஸ்டடி. அங்கே ஸ்டைல் காட்டி மதிப்பெண்ணை இழப்பதில் வீரம் ஒன்றுமில்லை. சாருக்கு என்று தனியாக எதையும் அப்ப வேண்டாம், அவ்வளவுதான்.

மண்வாசனைக்கு ஒரு காளை

இது நம் ஊர் வியாதி. 'நம்ம அடையாளம்' என்று ஆரம்பித்தால் கோபுரம், ஜல்லிக்கட்டுக் காளை, ஐயனார் குதிரை, கோலப்புள்ளி, ஜிமிக்கி போட்ட பெண் என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. அதில் எதையும் வரையக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் எதை வரைகிறோம் என்பது வேறு, எப்படிப் பார்க்கிறோம் என்பது வேறு. காளையை எடுத்துவிட்டால் படத்தில் நீங்கள் இருக்கிறீர்களா? சந்தேகமிருந்தால் வீட்டு கேஸ் சிலிண்டரை வரையுங்கள். அல்லது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை. அதற்கென்று தயார் அடையாளம் எதுவும் கிடையாது. சிலிண்டரிலும் உங்கள் கை தெரிகிறது என்றால் காளையைத் தாராளமாக வரையலாம்.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை இங்கே சொல்ல வேண்டும். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரானவர். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தைப் போலத் தோன்றி வாசிக்க முடியாமல் போகும் வரிகள், குறியீடுகள் என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963 வாக்கில்தான் தொடங்கியது. அவர் பிறந்தது 1911இல். ஐம்பதைத் தாண்டிய கை! அதற்கு முன்னால் வருடக்கணக்காகத் தென்னையும் நீரும் உள்ள நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் போட்டிருக்கிறார், மனித உருவங்களில் பாடுபட்டிருக்கிறார். நம்மவர்கள் அந்தக் கட்டங்களை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மூன்றாம் செமஸ்டரிலேயே 'தாந்திரீகக் குறியீடு' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள்.

போனில் எடுத்த படம்

போட்டோ வைத்து வரையாதவர் இன்று யாருமில்லை, நானும் வரைகிறேன். சிக்கல் என்னவென்றால், கிட்ட வைத்து எடுத்த போன் படத்தில் மூக்கு பெருத்து காது பின்வாங்கிவிடும்; நிழல் மொத்தமும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நேரில் பார்த்தால் அதே நிழலுக்குள் சுவரின் பச்சை கொஞ்சம் எட்டிப்பார்த்திருக்கும். அந்தப் பச்சையைப் பிடிப்பவரும் விடுபவரும் அங்கேதான் பிரிகிறார்கள். போட்டோவில் எல்லாருக்கும் ஒரே கறுப்பு. முதலில் நேரில் ஸ்கெட்ச், அப்புறம் விவரத்துக்கு மட்டும் போட்டோ என்று வரிசையை மாற்றினாலே நிறைய சரியாகிவிடும்.

வாரம் ஒரு மீடியம்

திங்கட்கிழமை அக்ரிலிக், வியாழக்கிழமை கரி, அடுத்த வாரம் காபித்தூளில் ஓவியம். 'எக்ஸ்ப்ளோர் பண்றேன் சார்.' முதல் வருடத்தில் இது நியாயம். மூன்றாம் வருடத்திலும் தொடர்ந்தால், ஒவ்வொரு மீடியத்திலும் முதல் பத்து நாள் கஷ்டத்தோடு ஓடிவருகிறீர்கள் என்றுதான் அர்த்தம். எதிலும் பதினொன்றாவது நாளைப் பார்க்கவில்லை.

நான் சொல்லிப் பார்த்து நன்றாக வேலை செய்த ஒரு பயிற்சி உண்டு. ஒரு மாதம் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), வெள்ளை, இந்த நான்கு மட்டும். நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்கு மிக நெருக்கமான அடர்நிறம் வரும். நீலம் கூடினால் மழைமேகம், சியன்னா கூடினால் பழைய கதவு. ஆக்கரும் நீலமும் மங்கலான ஒரு பச்சையைத் தரும், வேப்பிலை காய்ந்த மாதிரி. கறுப்பு டியூபைத் தொடவே வேண்டாம். ஒரே டப்பாவை வைத்துப் பத்து பேர் வரைந்தாலும், இரண்டாவது வாரத்தில் ஒருவர் படம் குளிர்ந்திருக்கும், இன்னொருவருடையது பழுத்திருக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் அடர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கலக்குங்கள்.

வரைகிற பொருளும் அப்படித்தான். இத்தாலியின் போலோன்யாவில் ஜார்ஜோ மொராண்டி என்று ஒருவர் இருந்தார். 1930 முதல் 1956 வரை அந்த ஊர்க் கலைக்கழகத்தில் எட்சிங் (உலோகத் தகட்டில் செய்யும் அச்சோவியம்) வகுப்பெடுத்தவர். வீட்டில் இருந்த பாட்டில்களையும் ஜாடிகளையும் டப்பாக்களையும் இடம் மாற்றி இடம் மாற்றி வாழ்நாள் முழுக்க வரைந்தார். கண்ணாடியின் பளபளப்பு தொந்தரவாக இருக்கிறதென்று பாட்டிலுக்கே பெயின்ட் அடித்து வைத்திருந்தார். அவர் படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் என் ஆசிரியர் அதே பித்தளைச் சொம்பை எனக்கு ஏன் ஒரு பருவம் முழுக்கக் கொடுத்தார் என்று புரிந்தது. அப்போது அதைத் தண்டனை என்று நினைத்திருந்தேன்.

பிடித்ததை விடாமல் இருப்பது

இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஓவியர் ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, வரைந்த காந்தி கோட்டோவியங்களால் பெரிய பெயர் பெற்றார். அந்தக் கறுப்புவெள்ளைக் கோட்டிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் உருவம் இல்லாமல் நிறமே பேசும் அரூப ஓவியங்களுக்குப் போனார். கல்லூரிக் கண்காட்சியில் ஒரு படம் விற்றுவிட்டது என்பதற்காக அடுத்த பன்னிரண்டையும் அதே மாதிரி போடும் மாணவர்களை நினைத்துச் சொல்கிறேன்.

ஜூரிக்கு, அதாவது படங்களை மதிப்பிடும் குழுவுக்கு, எழுதும் குறிப்பிலும் பழகிய சொற்களையே பிடித்துக்கொள்கிறோம். 'இருத்தலின் அடையாளச் சிக்கல்' என்று எழுதுவதற்குப் பதில் 'எங்கள் தெரு முனை, மாலை ஐந்து மணி' என்று எழுதினால், எதிரே இருப்பவர் படத்தையாவது பார்ப்பார்.

கிழித்துப் போடுவது

தோற்ற படத்தின் மேல் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை அடித்துத் திரும்பப் பயன்படுத்துவது கான்வாஸ் விலைக்கு நியாயம்தான். அப்படியானால் அடிப்பதற்கு முன் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். தாளில் போட்டவற்றைக் கிழிக்கவே வேண்டாம். பின்னால் தேதி எழுதிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும். முக்கியமாக, வேறு ஒருவரைக் கூட்டிவந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நம் படத்தில் நாம் பட்ட கஷ்டம்தான் நமக்குத் தெரியும்.

கடைசி வருடம் ஜூரிக்கு முந்தைய இரவு, விடுதி வராந்தாவில் என் படங்களை இப்படிப் பரப்பினேன். முப்பத்தொன்று தேறின. சிற்பத் துறையில் படித்த நண்பன் பல் தேய்க்கப் போகிறவன், வாயில் பிரஷ்ஷோடு இரண்டு தரம் முன்னும் பின்னும் நடந்தான்.

"என்னடா, எதுலயுமே நடுவுல ஒண்ணும் இல்ல?"

குனிந்து பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வலது ஓரத்தில். சொம்பு கீழ் மூலையில், அதற்கு மேல் வெறும் துணி. மாடல் பெரியவர்கூட நாற்காலியோடு இடதுபக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். நடுவில் சுவர், வானம், காலி மேசை. நான் ஒருநாளும் அப்படித் திட்டமிட்டதில்லை. ஸ்கெட்ச் புக்கை எடுத்து வந்து பார்த்தால், இரண்டாம் ஆண்டுக் கிறுக்கல்களும் அப்படியே இருந்தன.

மூன்று படங்களில் மட்டும் பொருள் சரியாக நடுவில் இருந்தது. திருப்பித் தேதி பார்த்தேன். மூன்றும் கறுப்புக்கோடு போட்டவை.