மாடல் 3-ன் பிக்கப்பைக் கூட்டி, கால் மைல் ஓட்டுவது எப்படி

உங்களிடம் இருப்பது டெஸ்லா மாடல் 3 லாங் ரேஞ்ச், இரண்டு மோட்டார் வண்டி. பிக்கப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் இதே வண்டியின் இன்னும் வேகமான பெர்ஃபார்மன்ஸ் மாடல் வாங்கியதிலிருந்து உள்ளுக்குள் ஒரு அரிப்பு. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம். சொனோமா ரேஸ்வேயில் புதன்கிழமை சாயங்காலங்களில் சொந்த வண்டியைக் கொண்டுபோய், காசு கட்டி, நேரான ஓடுதளத்தில் கால் மைல் (சுமார் 400 மீட்டர்) எத்தனை வினாடியில் ஓடுகிறது என்று பார்க்கலாம். அங்கே போய் வந்து, பாதி மற்றவர்களைப் பார்த்தும் மீதி அசடு வழிந்தும் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பெட்ரோல் வண்டிக்காரர்கள் மாதிரி எதைக் கழற்றலாம், எதை மாட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் காசுதான் போகும். இந்த வண்டியில் கியர் ஒன்றே ஒன்று, மோட்டாரில் கை வைக்க ஒன்றும் இல்லை. பேட்டரி எவ்வளவு கரன்ட்டை எந்த வோல்டேஜில் தருகிறது, அதில் எவ்வளவை டயர் தரையில் இறக்குகிறது, வண்டி எவ்வளவு கனம், இந்த மூன்றுதான் கணக்கு. மூன்றிலும் காசில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள்.

சரி, காசு கொடுத்து வாங்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், எல்லோரும் கேட்பது அதைத்தான். 2019 டிசம்பரில் டெஸ்லாவே ஆக்சிலரேஷன் பூஸ்ட் என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. 2,000 டாலர். 0-60 மைல் (மணிக்கு சுமார் 97 கி.மீ.) 4.4 வினாடியிலிருந்து 3.9-க்கு வரும். ஃபோனில் டெஸ்லா ஆப்பைத் திறந்து, அப்கிரேட் பகுதியில் உங்கள் வண்டிக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே வாங்கிவிடலாம், ஸ்பேனர் எடுக்கவே வேண்டாம். "இதுல என்னத்த மாட்டினாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றும் மாட்டவில்லை, வண்டியில் ஏற்கெனவே இருந்ததைத் திறந்துவிட்டார்கள் என்றேன். "அப்ப பூட்டி வச்சது யாரு?" இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

இதையே பாதி விலையில் செய்து தருவதாக வெளி ஆட்கள் விற்கும் சின்னப் பெட்டிகளும் உண்டு, வண்டியின் வயரிங்கில் இடையில் செருகுவது. எனக்கு அதில் விருப்பமில்லை. அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் வண்டி அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தால் வாரன்டிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், ஆரஞ்சு நிறக் கேபிள் எதைப் பார்த்தாலும் கை வைக்காதீர்கள். உள்ளே ஓடுவது கிட்டத்தட்ட 400 வோல்ட் டிசி, தொட்டால் உதறிவிட்டு எழுந்திருக்கும் சமாச்சாரம் இல்லை.

இப்போது பேட்டரி. என் முதல் புதன்கிழமை, பூஸ்ட் வாங்கிய தெம்பில் 90 சதவீத சார்ஜோடு வீட்டிலிருந்து கிளம்பினேன். ஹைவேயில் 60 மைல் ஓட்டிப் போய் இறங்கும்போது 65 சதவீதம். நுழைவு வரிசையில் ஒரு மணி நேரம், விரிகுடாப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வேறு. ஓட்டினேன், 12.58 வினாடி. பூஸ்ட் வாங்குவதற்கு முன்னாலேயே இதை எடுத்திருக்கலாம். 2,000 டாலர் தண்டம் என்று புலம்பிக்கொண்டே வீடு திரும்பினேன். தப்பு பூஸ்டில் இல்லை, என்னிடம்தான்.

ஏன் என்றால், இந்த பேட்டரியில் 96 செல் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. முழுக்க நிறைந்திருக்கும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், கூட்டினால் 400-ஐத் தாண்டும். பாதி சார்ஜுக்கு வரும்போது ஒவ்வொன்றும் 3.7 பக்கம், மொத்தம் 355தான். அதே கரன்ட்டை இழுத்தாலும் வோல்டேஜ் குறைந்தால் பவர் அந்த அளவுக்குக் குறையும். அது மட்டுமில்லை, முழு வேகத்தில் மிதிக்கும்போது செல்லின் உள் எதிர்ப்பு காரணமாக வோல்டேஜ் இன்னும் கீழே போகும். செல் குளிர்ந்திருந்தால் அந்த எதிர்ப்பு அதிகம். நான் மூன்றில் ஒரு பங்கு காலியான, குளிர்ந்துபோன பேட்டரியோடு போய் நின்றிருக்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஸ்ட்ரிப்புக்கு (அந்தப் பந்தய ஓடுதளத்துக்கு) பக்கத்து ஊரில் இருக்கும் சூப்பர்சார்ஜரை, அதாவது டெஸ்லாவின் வேக சார்ஜரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேராக ரேஸுக்குப் போகாமல், வண்டியின் மேப்பில் அந்த சார்ஜரைக் குறித்து ஓட்டுங்கள். சார்ஜருக்குப் போகிறோம் என்று தெரிந்தால் வண்டி தானாகவே பேட்டரியைச் சூடாக்க ஆரம்பித்துவிடும். (மாடல் 3-ல் இதற்கென்று தனி ஹீட்டர் கிடையாது, மோட்டாரில் வீணாகக் கரன்ட் ஓட்டி அந்தச் சூட்டைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. காது கொடுத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும்.) அங்கே 95 வரை ஏற்றுங்கள். வேகமாக சார்ஜ் ஏறும்போதும் பேட்டரி சூடாகும், ஆக ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நுழைவு வரிசை நீளமாக இருந்தால் மறுபடியும் அதே சார்ஜரை மேப்பில் போட்டு வையுங்கள், சூடு இறங்காது. பக்கத்தில் நிற்கும் பெட்ரோல் வண்டிக்காரர்கள் பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்தால் சந்தோஷப்படுவார்கள், எஞ்சினுக்கு அடர்த்தியான காற்று கிடைக்கும். நமக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, பேட்டரியும் டயரும் ஆறுவதுதான் மிச்சம்.

பேட்டரிதான் எல்லாம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஒரிகன் மாநிலம் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் வேலண்ட் 1972 மாடல் டாட்சன் 1200 ஒன்றை மின்சார வண்டியாக மாற்றினார், ஒயிட் ஸோம்பி என்று பெயர். பார்த்தால் சாதுவான சின்ன வண்டி. ஈயப் பேட்டரி வைத்திருந்தபோது கால் மைலுக்கு 11 வினாடிச் சொச்சம். லித்தியம் பேட்டரிக்கு மாறியபின், 2010-ல், 10.258 வினாடி. பெரிய பெரிய வி8 வண்டிகள் அதனிடம் தோற்றுப் போயிருக்கின்றன. அந்த மாதிரி சொந்தமாகக் கட்டும் வேலை வேறு உலகம், அதற்கு ஷெட்டும் வெல்டிங்கும் பொறுமையான குடும்பமும் வேண்டும்.

அடுத்தது டயர். 18 இஞ்ச் வீலோடு வரும் ஆல்-சீசன் டயர் மைலேஜுக்காகச் செய்தது, முழுசாக மிதித்தால் பிடிப்பு பத்தாது. டிராக்ஷன் கன்ட்ரோல் உடனே பவரைக் குறைத்துவிடுவதால் சறுக்குவது உங்களுக்கே தெரியாது, வண்டி மந்தமாகக் கிளம்பியது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிடிப்புள்ள நல்ல சம்மர் டயர் ஒரு செட் வாங்கினால் முதல் 60 அடியில் வித்தியாசம் தெரியும். பின்னால் மட்டும் மாற்றாதீர்கள், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, நான்கையும் மாற்ற வேண்டும். அழகுக்காக 20 இஞ்ச் வீலுக்குப் போகாதீர்கள், கனம் கூடும், அதுவும் சுற்றுகிற கனம். காற்றழுத்தம் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 42 பிஎஸ்ஐ என்று இருக்கும். நான் ஸ்ட்ரிப்பில் 35-க்கு இறக்குவேன், அதற்குக் கீழே போவதில்லை.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. வண்டி சுமார் 1,850 கிலோ. அதில் 45 கிலோ குறைத்தால் 2.4 சதவீதம். கால் மைல் நேரம் எடையின் கனமூலத்தோடு (க்யூப் ரூட்) ஏறி இறங்கும், அதாவது நேரத்தில் 0.8 சதவீதம் குறையும், நமக்குப் பத்தில் ஒரு வினாடி. பத்தில் ஒரு வினாடியா என்று சிரிக்காதீர்கள், அங்கே பாதிப் பந்தயம் அதற்குள்தான் முடிகிறது. டிக்கியைக் காலி செய்யுங்கள். என் டிக்கியிலிருந்து கோயிலுக்கு வாங்கி வைத்து மறந்துபோன இருபது பவுண்டு அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி இரண்டு, கிரிக்கெட் கிட், எல்லாம் வந்தது. பின் சீட்டில் குழந்தை சீட். தரை மிதியடிகளையும் எடுத்துவிடுங்கள். ஸ்டெப்னியைக் கழற்றலாமே என்று தேடாதீர்கள், இந்த வண்டியில் அது கிடையாது.

ஸ்ட்ரிப்புக்குப் போனால் முதலில் வண்டியைப் பரிசோதிப்பார்கள். என்ஹெச்ஆர்ஏ (இந்தப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி 13.99 வினாடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம், அதில் ஸ்னெல் என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்க வேண்டும், பைக் ஓட்ட வாங்கிய ஏதோ ஒன்று போதாது. முழு பேன்ட், கால் மூடிய ஷூ. கலிஃபோர்னியா வழக்கப்படி அரை டிரவுசரும் செருப்புமாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அன்றைக்கு ஒருவரை அனுப்பினார்கள். டெஸ்லா மாடல் எஸ் பிளாய்ட் மாதிரி 10 வினாடிக்குக் கீழே போகிற வண்டி என்றால் லைசென்ஸ், கூடுதல் பாதுகாப்பு என்று விதிகள் இறுகும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே செட்டிங்ஸை முடித்துவிடுங்கள். ஆக்சிலரேஷன் மோட் ‘சில்’ என்ற நிதான மோடில் இருந்தால் ஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள் (இதை மறந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவரைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்). அப்ஸ்டக்கிள்-அவேர் ஆக்சிலரேஷன் என்று ஒன்று இருக்கும், முன்னால் ஏதாவது நிற்பதாக வண்டி நினைத்தால் பவரைக் குறைத்துவிடும், அதை அணைத்துவிட்டு வீடு திரும்பும்போது மறக்காமல் போடுங்கள். ஏசியையும் அணையுங்கள். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் ஓடுதளத்தில் விழுந்தால் பின்னால் வருபவர் வழுக்குவார், நல்ல பெயர் கிடைக்காது. முன்னால் தண்ணீர் தெளித்த ஒரு இடம் வரும், பெட்ரோல் வண்டிகள் அங்கேதான் டயரைச் சுழற்றிப் புகைவிடும். நீங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். நம் டயரின் பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்க் கிளம்புகிற கோட்டில் கொட்டும்.

அப்புறம் விளக்குக் கம்பம், கிறிஸ்மஸ் ட்ரீ என்பார்கள். மெல்ல ஊர்ந்து போனால் முதல் விளக்கு எரியும், இன்னும் ஒரு சாண் ஊர்ந்தால் இரண்டாவது. அங்கேயே நில்லுங்கள். ஒளிக்கதிரைத் தொட்டவுடன் நின்றால், கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் சில அங்குலம் இலவசமாக நகரலாம், நேரம் நன்றாக வரும். இடது கால் பிரேக்கில், வலது கால் தயாராக. இரண்டையும் சேர்த்து மிதித்தால் வண்டி கத்தும், பவரை வெட்டும், அந்தப் பழைய வித்தை இங்கே எடுபடாது. மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கும். மூன்றாவது எரிந்ததும் பிரேக்கை விட்டு முழுசாக மிதியுங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் சிவப்பு விளக்குதான், பந்தயம் போச்சு. ஆனால் உங்கள் ஓட்டநேரம் வண்டி நகர்ந்த நொடியிலிருந்துதான் கணக்கு, ஆகவே பந்தயம் இல்லாமல் நேரம் மட்டும் பார்க்க வந்திருந்தால் பச்சை வந்தபிறகு நிதானமாகக் கிளம்பினாலும் நஷ்டமில்லை. பக்கத்து லேனில் கமாரோ உறுமும் சத்தத்தில் உங்கள் வண்டி ஓடுகிறதா என்றே தெரியாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள்.

கோட்டைத் தாண்டியதும் ஒரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தினமும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி தானாகவே வேகம் குறைந்து பழகியிருக்கும். வேகத்தைக் கரன்ட்டாக்கிப் பேட்டரியில் ஏற்றுவதால் வரும் இழுப்பு அது. பேட்டரி 95 சதவீதத்தில் இருக்கும்போது திரும்ப ஏற்ற இடம் இல்லாததால் அந்த இழுப்பு ரொம்பக் குறைவு. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் காலை எடுத்தேன், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வயிறு கலங்கிவிட்டது. பிரேக்கை மிதியுங்கள், சீக்கிரமே, சீராக.

திரும்பி வரும் வழியில் ஒரு சின்ன அறையில் உங்கள் நேரங்கள் அச்சிட்ட ஸ்லிப் தருவார்கள். கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 60 அடி நேரம் டயரைப் பற்றிப் பேசும், கடைசி வேகம் பேட்டரியைப் பற்றிப் பேசும். 60 அடி மோசமாகி வேகம் அப்படியே இருந்தால் பிடிப்பில் கோளாறு, அழுத்தத்தையோ கிளம்பும் இடத்தையோ மாற்றிப் பாருங்கள். 60 அடி நன்றாக இருந்து வேகம் குறைந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது, அல்லது பேட்டரி ஆறிவிட்டது. டயர் மாற்றி, சார்ஜ் ஏற்றி, டிக்கி காலியாகப் போன அன்று என் ஸ்லிப்பில் 12.17 வினாடி, மணிக்கு 113 மைல். முதல் நாளைவிடப் பத்தில் நான்கு வினாடிக்கும் மேல் மிச்சம், அதில் பூஸ்டுக்கு ஒரு பங்கும் இல்லை, அது இரண்டு நாளும் இருந்தது.

ஒரு ஓட்டத்துக்குக் கரன்ட் எவ்வளவு என்று கேட்பார்கள். 1,850 கிலோவை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக 0.66 யூனிட், காற்றுக்கும் சூட்டுக்கும் போவதைச் சேர்த்தால் ஒரு யூனிட் பக்கம் வரும். ஐந்தாறு ஓட்டம் தாராளமாக ஓடலாம். ஆனால் முதல் இரண்டு மூன்றில்தான் நல்ல நேரம் வரும், அதனால் பார்க்கிங்கில் சும்மா சுற்றிச் சார்ஜை வீணாக்காதீர்கள்.

கிளம்பும் முன் டயரில் காற்றை மறுபடி 42-க்கு ஏற்றுங்கள், சின்ன மோட்டார் பம்ப் ஒன்று டிக்கியில் இருந்தால் போதும், அந்தக் கனம் மன்னிக்கப்படும். அப்புறம் குழந்தை சீட். நான் கராஜில் இறக்கி வைத்ததை மறந்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு மகளோடு வண்டியருகே நின்று, பள்ளிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, ஃபாஸ்ட்டா மாட்டுங்க" என்றாள்.