ரெஸ்லிங் புரொமோட்டர்களை எடைபோடும் முறை

திருகோணமலையில் ரெஸ்லிங் ரசிகர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், சிறிது நேரத்திலேயே பேச்சு வீரர்களை விட்டு அவர்களை வைத்து ஆட்டம் நடத்திய புரொமோட்டர்களிடம் வந்துவிடும். ரென் ஸ்போர்ட்ஸ் காலத்தில் அயல்வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த அண்ணாமாருக்கு, டபிள்யூ.டபிள்யூ.ஈ நிறுவனத்தை நடத்திய வின்ஸ் மக்மஹோனுக்கு நிகராக எவரும் இல்லை. கைப்பேசியில் பார்க்கும் தம்பிமார், இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈயில் கதை அமைக்கும் ரிப்பிள் எச், ஏ.ஈ.டபிள்யூ நிறுவனத்தை நடத்தும் டொனி கான் என்று இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். இந்தப் பேச்சு வெறும் சத்தத்தில் முடியாதிருக்க, உட்துறைமுக வீதியில் மாலை வேளைகளில் கூடும் நாங்கள் கைக்கொள்ளும் முறையை எழுதுகிறேன்.

முதலில் அளவுகோலை ஒத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதைத் தந்தது கரைவலை. கரைவலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியைப் பற்றி ஊரில் விசாரித்தால், அவருடைய வலையில் எவ்வளவு மீன் பட்டது என்பதோடு பேச்சு நிற்காது. வலை இழுத்தவர்களுக்குப் பங்கு நேராகப் பிரிந்ததா, ஒருவர் காயப்பட்டுப் படுத்தபோது அவர் வீட்டுப் பக்கம் போனாரா என்றும் சொல்வார்கள். புரொமோட்டரையும் அப்படியே கேட்க வேண்டும்.

பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பக்கத்தின் நடுவே அடிமட்டத்தால் கோடு போடுங்கள். இடப்பக்கம் ரசிகருக்குக் கிடைத்தது, வலப்பக்கம் வீரருக்குக் கிடைத்தது. வலப்பக்கத்தையே முதலில் நிரப்புங்கள், ஏனெனில் இடப்பக்கத்தை நம் சிறுவயது நினைவு தானாகவே நிரப்பிவிடும். எந்த வரியையும் ஆண்டு இல்லாமல் எழுத விடாதீர்கள்.

பழைய காலத்தை அளவுக்கு மீறிப் புகழ்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்காக 1948 இல் அமெரிக்கப் புரொமோட்டர்கள் கூடி அமைத்த தேசிய மல்யுத்தக் கூட்டணியிலிருந்து தொடங்குங்கள். நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்காமல் தொழில் செய்தார்கள். ஊருக்கு ஊர் தனிச்சுவையுள்ள மல்யுத்தம் வளர்ந்தது, இது இடப்பக்கத்துக்குரியது. ஆனால் ஒரு புரொமோட்டரோடு முரண்பட்ட வீரருக்கு மற்ற ஊர்களிலும் கதவு அடைபடலாம். அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்டு 1956 இல் கூட்டணியைக் கட்டுப்பாடுகளுக்கு ஒப்புக்கொள்ள வைத்தது இப்படியான நடைமுறைகளுக்காகத்தான்.

வின்ஸ் மக்மஹோனுக்கு ஒரு பக்கம் போதாது. 1982 இல் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கி, பழைய எல்லைகளை உடைத்து, 1985 மார்ச் 31 அன்று நியூயோர்க்கில் ரெஸில்மேனியா என்ற பெருநிகழ்ச்சியை முதன்முதலாக நடத்தியவர். 2001 இல் போட்டி நிறுவனமான டபிள்யூ.சீ.டபிள்யூவையும் வாங்கினார். இவற்றை மனமாரப் பாராட்டி எழுதுங்கள். அதன் பின் 1999 மே 23 ஐ எழுதுங்கள். அன்று கன்சாஸ் சிற்றி அரங்கின் கூரையருகிலிருந்து கம்பியில் இறக்கப்பட்ட வீரர் ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 34. அவர் விழுந்த அதே மேடையில் மற்ற ஆட்டங்கள் தொடர்ந்து நடந்தன. எங்கள் கொப்பியில் அந்த வரியை எழுதிய அண்ணா பேனையை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை. நீங்களும் அந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2000 இல் 18 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டதையும், வீரர்களை ஊழியர்களாகக் கொள்ளாமல் சுயாதீன ஒப்பந்தக்காரர்களாக வைத்திருக்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இன்னும் நீடிப்பதையும் அடுத்தடுத்துக் குறியுங்கள். முன்னாள் ஊழியர் ஒருவர் தொடுத்த பாலியல் துஷ்பிரயோக வழக்கையடுத்து மக்மஹோன் 2024 ஜனவரியில் பதவி விலகினார் என்று எழுதும்போது, குற்றச்சாட்டுகளை அவர் மறுப்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஈ.சீ.டபிள்யூ நிறுவனத்தை நடத்திய போல் ஹேமனுக்குச் சில வரிகள் போதும்: புதுமை இடப்பக்கம், வராத சம்பளம் வலப்பக்கம், 2001 இல் வங்குரோத்து.

இன்றையவர்களிடம் வரும்போது, இன்னும் முடியாத கணக்கைப் பார்க்கிறோம் என்பதைத் தம்பிமாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். டொனி கானின் ஏ.ஈ.டபிள்யூ 2019 இல் தொடங்கியது. ஓவன் ஹார்ட்டின் மனைவி நிறுவிய அறக்கட்டளையோடு இணைந்து 2022 முதல் ஓவன் பெயரில் அங்கே போட்டித்தொடர் நடக்கிறது. என் மதிப்பில், கானின் வலப்பக்கத்தில் இதுவரை எழுதியவற்றுள் சிறந்த வரி அதுதான். ரிப்பிள் எச்சைப் பொறுத்தவரை, கதை அமைப்பவரும் பங்குப்பணத்தைத் தீர்மானிப்பவரும் ஒருவரல்ல என்பதை மறக்காதீர்கள். 2023 முதல் டபிள்யூ.டபிள்யூ.ஈ, ரீ.கே.ஓ என்ற பெரிய நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

ஒரு மாலைக்கு இரண்டு பெயர்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். எழும்புவதற்கு முன் வலப்பக்கம் வெறுமையாக உள்ள பெயர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொடுங்கள். 1972 இல் ஓல் ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தை நிறுவிய ஜயன்ற் பாபாவின் பக்கம் எங்களிடம் அப்படி இருக்கிறது. மூதூரிலிருந்து வரும் தம்பி அதை ஏற்றுக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.