கிளிசரினில் நீந்தும் செப்புக் கம்பி

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். உடலுக்குள் போகும் குட்டி ரோபோ என்றதும் பிள்ளைகள் கேட்பது, "பேட்டரியை எங்கே வைப்பார்கள், டீச்சர்?" தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை செல்லும் வெள்ளி ரதத்துக்குள் எஞ்சினா இருக்கிறது, காளைகள்தானே இழுக்கின்றன என்று திருப்பிக் கேட்பேன். விழுங்கும் கேமரா மாத்திரை சுமார் 26 மி.மீ. நீளம், பேட்டரிக்கு இடமுண்டு. மணலளவு ரோபோவுக்கு ஏது இடம்? வெளியிலிருந்து காந்தப்புலம்தான் அதை ஓட்டுகிறது. காந்தப்புலத்தைச் சதை தடுப்பதில்லை.

இதை வகுப்பில் செய்து காட்டலாம். மெல்லிய செப்புக் கம்பியைப் பேனா ரீஃபில்லில் ஐந்து சுற்று சுற்றி உருவுங்கள். அதன் நுனியில் 3 மி.மீ. வட்டக் காந்தம் ஒன்றைப் பசையால் ஒட்டுங்கள். காந்தத்தின் தட்டை முகம் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் அதை மூடிபோல முன்பக்கம் பார்க்க ஒட்டிவிட்டு, ஒரு மாலை முழுவதும் அசையாத கம்பியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனைக் குழாயில் மருந்துக்கடைக் கிளிசரினை நிரப்பிக் கம்பியை உள்ளே விட்டு, மூடிப் படுக்க வையுங்கள். தண்ணீர் உதவாது. நுண்ணுயிருக்குத் தண்ணீரே பாகுபோலக் கெட்டி; நம் பெரிய கம்பிக்கு அதே அனுபவம் கிடைக்கக் கிளிசரின் வேண்டும். அந்த உலகில் சிப்பிபோலத் திறந்து மூடினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான் என்று 1977இல் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் விளக்கினார். பாக்டீரியா சுருள்வாலைச் சுழற்றிப் போவது அதனால்தான். நம் கம்பியும் சுருளாக இருப்பது அதனால்தான்.

பெரிய காந்தம் ஒன்றை டிரில் முனையில் குறுக்காகக் கட்டுங்கள். குழாய்க்கு இணையாக, ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். கம்பி திருகாணிபோல முன்னேறும். "காந்தம் இழுக்கிறது, அவ்வளவுதானே?" என்று ஒரு கெட்டிக்காரன் சொல்வான். டிரில்லைப் பிடித்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு திசையை மட்டும் மாற்றுங்கள். கம்பி பின்னோக்கி நீந்தும். அவன் வாயடைத்துப்போவான்.

ஆய்வகங்களில் டிரில்லுக்குப் பதில் மின்சுருள்கள். சுழலும் அச்சைச் சாய்த்தால் ரோபோவும் தலையைத் திருப்பும், அதுவே ஸ்டீயரிங். காந்தமில்லாத வழியும் உண்டு: 2015இல் துத்தநாகக் குட்டி மோட்டார்கள், எலியின் வயிற்று அமிலத்தில் கிளம்பிய ஹைட்ரஜன் குமிழிகளின் உந்துதலில் ஓடின.

டிரில்லை முழு வேகத்தில் விடும் பையன் எல்லா வகுப்பிலும் இருக்கிறான். விடட்டும். கம்பி சுழற்சியைத் தொடர முடியாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும். நிஜ ரோபோவுக்கும் இந்த எல்லை உண்டு. இன்னும் வேகம் வேண்டுமானால் புலத்தை வலுவாக்க வேண்டும்.

மணி அடிக்குமுன் காந்தங்களை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இரண்டை விழுங்கினால் குடல் மடிப்புகளை நடுவில் நசுக்கி ஒட்டிக்கொள்ளும்; அறுவை சிகிச்சை வரை போகும்.