மெஷ் வைஃபை வாங்கும் முன் கேபிளுக்கு வழி பாருங்கள்

மாடி அறையில் வைஃபை எட்டவில்லை என்றதும் பலரும், பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் தொகுப்பை, அதுவும் மூன்று பெட்டியாகத் தேடுகிறார்கள். அதற்கு முன், கீழிருந்து மேலே ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுக்க முடியுமா என்று பாருங்கள். பழைய டிவி கேபிள் போன குழாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

காரணம் இதுதான். விலை குறைந்த டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை) மெஷ்ஷில், மேல்மாடிப் பெட்டி கீழ்ப் பெட்டியுடன் பேசுவதும் உங்கள் போனுடன் பேசுவதும் பெரும்பாலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான். வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இதைச் சமாளிக்கத்தான் மூன்றாவதாக இன்னொரு அலைவரிசையும் உள்ள ட்ரை பேண்ட்; விலையோ அதிகம். பெட்டிகள் தமக்குள் கேபிள் வழியே பேசிக்கொண்டால் அந்தச் செலவே தேவையில்லை, மலிவான இரண்டு பெட்டிகளே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வேகத்தை நம்பாமல் கேபிள் செருகும் லேன் போர்ட்டைப் பாருங்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டெக்கோ இ4 மெஷ்ஷில் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட், டெக்கோ எம்4-இல் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்). உங்கள் இணைப்பு 100-க்கு மேல் என்றால் முன்னது வீண்.

கேபிளுக்கு வழியே இல்லையா? இரண்டாவது பெட்டியை சிக்னல் கிடைக்காத அறைக்குள் வைக்காதீர்கள். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், கான்கிரீட் தளம் மறைக்காத படிக்கட்டுப் பக்கம் வையுங்கள்.